மூடிய சீசாவுக்குள் வந்தது யார்?

காளான் விதை தயாரிக்கிறவர்கள் நாளெல்லாம் செய்வது சமையல். நாளெல்லாம் நடுங்குவது, கண்ணுக்குத் தெரியாமல் அதைச் சாப்பிட வரும் விருந்தாளிகளை நினைத்து.

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில், வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட கூடத்தில் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக் கழித்த கண்ணாடிச் சீசாக்களில் நிரப்பி, வாயில் பஞ்சு அடைத்து, அதன்மேல் காகிதம் கட்டி, ஆள் உயரக் குக்கரில் இரண்டு மணி நேரம் ஆவியில் வைப்போம். உள்ளே இருக்கும் அத்தனை உயிரும் செத்துவிடும். ஆறிய பிறகு சிப்பிக் காளானின் வெள்ளை இழையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி பஞ்சை அடைத்து, காகிதத்தைக் கழற்றி அலமாரியில் அடுக்குவோம். பதினைந்து நாளில் சோளம் முழுக்க வெள்ளை படர்ந்துவிடும். அதுதான் விதை. வெள்ளைக்குப் பதில் பச்சையாகவோ கறுப்பாகவோ வேறு ஏதாவது படர்ந்தால், குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அடைத்த சீசாவுக்குள் அது எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தானா வந்துச்சு."

அரிசி டப்பாவை இறுக்கி மூடி வைத்தும் வண்டு வந்ததைப் பார்த்து, 'தானா வந்துருச்சே' என்று நீங்களும் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இடிக்குப் பிறந்தது

பாலசமுத்திரத்தில் பழனிச்சாமி என்று ஒரு விவசாயி. தென்னந்தோப்புக்குள் கொட்டகை போட்டு, வேகவைத்த வைக்கோலைப் பைகளில் அடைத்து, என்னிடம் வாங்கும் விதையைத் தூவிக் காளான் வளர்க்கிறார். ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. காளான் வளர்க்கப் பயிற்சி கொடுப்பதால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர்.

நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. கொட்டகைக்குள் உறி கட்டித் தொங்கவிட்டிருந்த பைகளில் வெள்ளைச் சிப்பிகளைக் காணோம். அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒல்லியான சாம்பல் நிறக் குடைகள். முந்தின நாள் சாயங்காலம் வரை ஒன்றுமே இல்லையாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குடைகளின் ஓரம் கறுத்து, உருகி, மையாகத் தரையில் சொட்ட ஆரம்பித்தது. வெளியே ஓலைகூட அசையவில்லை. உள்ளே நாற்பது பைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பழனிச்சாமியின் மனைவி வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

முந்தின வாரம் இடித்த இடிக்கு முளைத்தவை இவை என்பது அவர்கள் முடிவு. இடி இடித்தால் காளான் பிறக்கும் என்று நாம் எல்லோரும் கேட்டுத்தானே வளர்ந்தோம். வைக்கோலை எத்தனை நேரம் வேகவைத்தீர்கள் என்று கேட்டேன். விறகு ஈரமாக இருந்ததால் தண்ணீர் கொதிக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். இந்தக் காளானின் விதை தூசியைவிடப் பொடியாக வைக்கோலிலேயே ஒட்டிக் கிடக்கும், கொதி படாததால் பிழைத்து எழுந்துவிட்டது என்று விளக்கினேன். அவர் தோப்பின் ஓரத்தில் நின்ற வைக்கோல்போரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், அப்ப இது வானத்துல இருந்து வரலீங்களா? என்ற வீட்டுப் போருலயேதான் இத்தன நாளும் படுத்திருந்துச்சுங்களா?"

மூன்று கறிச் சீசா

அதற்குப் பிறகு, பயிற்சி வகுப்பில் முதல் பாடமே 'எதுவும் தானாக வராது' என்று ஆக்கிவிட்டேன். செம்பட்டியில் ஒரு மகளிர் குழுவுக்கு வகுப்பு. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இத்தாலியில் ஒரு வைத்தியர் செய்ததை அப்படியே செய்துகாட்டினேன். அழுகிய கறியிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. மூன்று சீசாவில் ஆட்டுக்கறி போட்டேன். ஒன்றைத் திறந்து வைத்தேன். ஒன்றை இறுக மூடினேன். ஒன்றின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டினேன்.

நான்காம் நாள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். திறந்த சீசாவில் புழு நெளிந்தது. மூடிய சீசாவில் கறி அழுகியிருந்தது, ஆனால் ஒரு புழுகூட இல்லை. வலை கட்டியதில் கறி மேல் ஒன்றுமில்லை; வலையின் மேல்தான் இருந்தன. கறி வாடைக்கு வந்த ஈக்கள் உள்ளே போக முடியாமல் வலையிலேயே முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தன. பொரிந்த புழுக்கள் வலைக்கண்களில் தலையை விட்டுக் கீழே இருக்கும் கறியைத் தேடிக்கொண்டிருந்தன. ஈ உட்காராமல் புழு இல்லை என்று வெற்றியோடு சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் லூர்து மேரி என்று ஒரு பெண். அப்பாவை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெட்டியில் வைத்து ஆணி அடித்து மூடிய மனுசருக்கு எங்கிருந்து புழு வரும் என்று கேட்டாள். மூடுவதற்கு முன்பே ஈ வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கும் என்று, யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. சீசாவைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்ப நாங்க சுத்தி உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தப்பவே அது வந்து போயிருக்கு."

வாசலில் நின்றது

இனி வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறு வருடமாக என் கூடத்தில் சோளம் வேகவைப்பது, பஞ்சு அடைப்பது, சீசா அடுக்குவது எல்லாம் அவர்தான். பள்ளிக்கூடம் போனதில்லை; ஆனால் நான் வகுப்புக்குத் தயாராகும்போது பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். கேள்வி கேட்டால் லேசில் விடமாட்டார்.

புழுவும் ஈயும் முடிந்த கதை. அதைவிடச் சின்ன உயிர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் நூறு வருடம் சண்டை போட்டார்கள். இங்கிலாந்துச் சாமியார் ஒருவர் கறிச்சாற்றைக் கொதிக்கவைத்துத் தக்கை போட்டு மூடினார். சில நாளில் உள்ளே உயிர்கள் நீந்தின. தானாகத்தான் வந்தன என்றார். இத்தாலிச் சாமியார் ஒருவர் குடுவையின் வாயையே உருக்கி ஒட்டி, முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்தார், ஒன்றும் வரவில்லை. உயிரைக் கொடுக்கிற காற்றையே நீர் வேகவைத்துக் கொன்றுவிட்டீர் என்று எதிர்க்கட்சி சொன்னது. கடைசியில் ஒரு பிரெஞ்சுக்காரர் குடுவையின் கழுத்தை நீளமாக இழுத்துப் பாம்பாக வளைத்துவிட்டார். காற்று தாராளமாக உள்ளே போகலாம்; அதோடு வரும் தூசி மட்டும் வளைவிலேயே தங்கிவிடும். சாறு கெடவே இல்லை.

அதே மாதிரி ஒரு குடுவை செய்து, கறிச்சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். எட்டு மாதம், வாய் திறந்தபடி, தேநீர் மாதிரி தெளிவாக நின்றது. வெள்ளையம்மாவுக்கு அதைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்குமாம். துடைக்கும்போதுகூட அதைத் தொடாமல் சுற்றித் துடைப்பார். ஒரு நாள் அவர் முன்னாலேயே குடுவையைச் சாய்த்து, சாறு அந்த வளைவைத் தொட்டுவிட்டு உள்ளே திரும்பும்படி செய்தேன். இரண்டாம் நாள் காலையில் சாறு கலங்கி, மேலே ஆடை கட்டிக் கிடந்தது. வெள்ளையம்மா குனிந்து அந்த வளைவை உற்றுப் பார்த்தார். "எட்டு மாசமா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு டீச்சர், யாராச்சும் கூப்புடுவாகளான்னு."

பதினேழாம் நாள்

வெள்ளையம்மாவின் கணவர் ஒரு மத்தியான நேரத்தில் வயலிலேயே சாய்ந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வெள்ளையம்மா வேலைக்கு வந்து நின்றார். வெறும் நெற்றியோடு சோளத்தைக் கழுவ உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஏனோ வாசலைப் பார்த்தேன். காரணம் கேட்காதீர்கள். நான் தாவரவியல் படித்தவள். இறந்தவர்கள் வீட்டிலிருந்து யார் பின்னாலும் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மறுநாள் காலை அவர் வருவதற்கு முன், எங்கள் பங்குக் கோயிலில் வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வாசலில் நின்று, அலமாரியைப் பார்த்து மூன்று முறை தெளித்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் தெளித்தேன். வெள்ளையம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாரே.

எட்டாம் நாள் கதவைத் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள் வெள்ளையாக இருந்த பஞ்சு அடைப்புகள் ஆரஞ்சு நிறத்தில் பொங்கிக் கிடந்தன. கேசரிப் பவுடரை அள்ளிக் கொட்டின மாதிரி. சீசாவுக்கு உள்ளேயும் சோளத்தின் மேல் அதே நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்த காற்றுக்கே அந்தப் பொடி புகையாகக் கிளம்பி, மெதுவாக என் முகத்தை நோக்கி வந்தது. இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சூடு பட்டால் சாகாமல், சூடு பட்டதால் விழித்துக்கொள்ளும் விதை இதற்கு உண்டு. நெருப்பு வைத்த கரும்புக் காட்டில் சாம்பலுக்கு நடுவே இது பூக்கும். பதினோரு வருடத்தில் என் கூடத்துக்குள் வந்ததில்லை.

பின்னால் வெள்ளையம்மா வந்து நின்றது தெரியாது. என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "இந்த வரிசை பூராம் நான் அடுக்குனது டீச்சர்."

துக்க வீட்டுக் கை

முதலில் குக்கரைச் சந்தேகப்பட்டேன். ஒரு கொதிக்குச் சாகாத விதைகளை, மூன்று நாள் தொடர்ந்து கொதிக்கவைத்துக் கொல்லலாம் என்று பழைய விஞ்ஞானி ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். முதல் கொதியில் சாகாமல் உறங்குவது மறுநாள் முளைவிடும். முளைவிட்டதை இரண்டாம் கொதி முடித்துவிடும். மூன்று நாள் கொதிக்கவைத்தோம். ஆரஞ்சு வந்தது. கூடத்தை மருந்து போட்டுக் கழுவினோம். வந்தது. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அப்போதும் வந்தது. நான் மட்டும் தினமும் காலையில் முன்னைவிட அதிகமாகத் தெளித்தேன், முன்னைவிடச் சத்தமாக ஜெபித்தேன்.

விதை வாங்க வந்த பழனிச்சாமி வெறும் அலமாரியைப் பார்த்தார். சோளம் அளந்துகொண்டிருந்த வெள்ளையம்மாவையும் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, துக்க வீட்டுக் கை பட்டா வெளங்காதுங்க. அந்தம்மா திரும்பி வந்த வாரத்துல இருந்துதானுங்க இதெல்லாம்" என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவரை மறுத்துப் பேச என் வாயில் ஒரு பாடமே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மாவிடம், கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, பிறகு கூப்பிடுகிறேன் என்றேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்: "நான் தொட்டதுனாலயா டீச்சர்?"

பிறை வடிவம்

அவர் போன பிறகும் ஆரஞ்சு வந்தது. நான் மட்டுமே தொட்ட சீசாக்களில் வந்தது. அந்தக் காலையில் எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. அதுவரை இருந்தது வெள்ளையம்மாவோடு எதுவோ வந்திருக்கிறது என்ற பயம். இது, அது என்னோடு இருக்கிறது என்ற பயம். கெட்டுப்போனவற்றை எடுக்கக் கை வராமல் வாசலிலேயே நின்றேன். தினமும் ஜெபம் சொல்ல நிற்கிற அதே இடம். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: ஆரஞ்சு கண்டபடி வரவில்லை. நடுத்தட்டில் முன்வரிசை முழுக்க, பக்கங்களில் கொஞ்சம், ஓரங்களில் ஒன்றுமில்லை. பிறை மாதிரி வளைந்து இருந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் எட்டும் வளைவு. அந்தப் பிறைக்கு நடுவிலேயே ஆறு சீசா மட்டும் சுத்தமாக நின்றன. அவற்றில் நான் காகிதத்தைக் கழற்ற மறந்திருந்தேன்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, இத்தாலி வைத்தியர் செய்ததைச் செய்தேன். ஒரு தட்டுக்குத் தீர்த்தம். ஒரு தட்டுக்குக் கொதித்து ஆறிய சாதாரணத் தண்ணீர். ஒரு தட்டுக்குக் காகிதத்தோடு தீர்த்தம். ஒரு தட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால், முதல் இரண்டு தட்டும் ஆரஞ்சு. மற்ற இரண்டும் வெள்ளை. தீர்த்தத்தின் மேல் குற்றமில்லை, குற்றம் ஈரத்தின் மேல். உலர்ந்த பஞ்சு என்பது பிரெஞ்சுக்காரரின் வளைந்த கழுத்துதான். தூசியை வெளியே நிறுத்திவிடும். பஞ்சு நனைந்தால், காற்றில் எப்போதும் இருக்கிற அந்த விதை பஞ்சிலேயே முளைத்து, இழை இழையாக உள்ளே நடந்துவந்துவிடும். வெள்ளையம்மா திரும்பி வந்த வாரமும், நான் தெளிக்க ஆரம்பித்த வாரமும் ஒன்று. இரண்டாவது கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்; அதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, செய்த பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. சிரிப்பை அடக்கினாரோ என்று இன்றுவரை சந்தேகம். ஆனால் கடைசியில் சொன்னதை விளையாட்டாகச் சொல்லவில்லை: "தீர்த்தத்தை வீணாக்குனது பெரிய பாவமில்லம்மா, அந்தம்மாவ அனுப்புனதுக்கு நீ எங்கிட்ட வந்திருக்கக் கூடாது, அவங்ககிட்டப் போயிருக்கணும்."

ஆத்தூரில்

போனேன். வெள்ளையம்மா வெளிவாசலில் சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை அழுதது. மருமகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாளாகிறது என்றார். பேரனா பேத்தியா, யார் ஜாடை என்று கேட்டேன். பேத்தி, ஜாடை சரியாகத் தெரியவில்லை என்றார். "தூரத்துல இருந்துதான் பாத்தேன். நான் தூக்கல டீச்சர். சீசாவே அம்புட்டும் கெட்டுப்போச்சு, இது பச்ச ஒடம்பு" என்றார். யாரும் தடுக்கவில்லையாம். அவராகவே கையை மடக்கிக்கொண்டார்.

என் கூடத்தில் கெட்ட சீசாக்களைப் புதைத்துவிட்டேன். நான் இங்கே அனுப்பிவைத்த சந்தேகம் இந்த வாசலில் உட்கார்ந்து இருபது நாளாக வளர்ந்திருக்கிறது. தெளித்தது, மறைத்தது, பிறை, நான்கு தட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பஞ்சு ஈரமா இருக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும். நீங்க ஏதோ மருந்து தெளிச்சிருக்கீகன்னு நெனச்சேன். சோளத்தக் கேட்டீக, குக்கரக் கேட்டீக, என்னைய ஒரு வார்த்த கேக்கலயே டீச்சர்" என்றார். பிறகு, இதைத் தன்னிடம் சொல்லிப் பயனில்லை, உள்ளே போய் மருமகளிடம் சொல்லுங்கள் என்றார்.

போய்ச் சொன்னேன். கட்டிலில் இருந்த அந்தப் பெண் முழுதும் கேட்டாளா, பாதிதான் புரிந்ததா, தெரியாது. எழுந்து பிள்ளையைத் துணியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மாமியார் முன் நீட்டினாள். வெள்ளையம்மாவின் கைகள் பாதிவரை எழுந்து நின்றன. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் கூடத்தில் ஒவ்வொரு சீசாவைத் திறப்பதற்கு முன்னும் ஆறு வருடமாகச் சொல்லிவந்ததைத்தான், எழுந்து தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் போனபடி இப்போதும் சொன்னார்: "செத்த இரு ஆத்தா, கையக் கழுவிட்டு வாரேன்."

எதுவும் தானாக வராது என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்த எனக்கு, அது யார் கையால் வந்தது என்று என் கையைப் பார்க்க ஆறு வாரமும் நூற்றுச்சொச்சம் சீசாவும் தேவைப்பட்டன.